லினக்ஸ் கணினியில் விண்டோஸ் மின்னூல் மென்பொருள்கள்: ஒரு வரலாறு

லினக்ஸ் இயங்குதளத்தில் மின்னூல் படிக்கவே முடியாது என்ற நிலை எப்போதும் இருந்ததில்லை. உரைக் கோப்பு, எச்.டி.எம்.எல்., பி.டி.எஃப். ஆகியவற்றைத் திறக்கும் கட்டற்ற மென்பொருள்கள் 1990-களிலேயே அதில் இருந்தன. படிக்க முடியாமல் போனவை, காசு கொடுத்து வாங்கிய நூல்களும் நூலகத்தில் இரவல் எடுத்த நூல்களும்தான். அந்த நூல்களுக்கு ஒரு பூட்டு போடப்பட்டிருந்தது. பூட்டைத் திறக்கும் மென்பொருளை, அதைச் செய்த நிறுவனங்கள் விண்டோஸுக்கும் மேக் கணினிக்கும் மட்டுமே வெளியிட்டன. எனவே லினக்ஸ் பயனர்கள் அந்த விண்டோஸ் மென்பொருளையே தம் கணினியில் ஓட்டும் வழியைத் தேடினர். அந்தத் தேடலின் வரலாறு பெரும்பாலும் 'வைன்' என்ற மென்பொருளைச் சுற்றியே அமைந்துள்ளது.

பூட்டு வந்த காலம்

அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971-இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தின் நூல்கள் வெறும் உரைக் கோப்புகள். எந்தக் கணினியிலும் திறக்கும். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தமிழ் நூல்களும் அப்படியே. அவற்றைப் படிக்கத் தமிழ் எழுத்துரு ஒன்று தேவைப்பட்டதே தவிர, யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

புதிய நூல்களை இணையத்தில் விற்க முனைந்தபோது நிலைமை மாறியது. 2000 மார்ச் மாதம் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'ரைடிங் தி புல்லட்' என்ற குறுநாவல் மின்வடிவில் மட்டும் வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 4 லட்சம் பிரதிகள் தரவிறக்கப்பட்டன. பதிப்பாளர்களுக்கு இதில் மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருசேர வந்தன. நூலுக்குப் போட்டிருந்த பூட்டு உடைக்கப்பட்டு, இலவசப் பிரதிகள் சில நாட்களிலேயே உலவத் தொடங்கியிருந்தன.

அதே ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'மைக்ரோசாஃப்ட் ரீடர்' என்ற படிப்பானை வெளியிட்டது. அதன் கோப்பு வடிவம் 'லிட்'. விலைக்கு வாங்கிய நூலைத் திறக்க, மைக்ரோசாஃப்டின் பாஸ்போர்ட் கணக்கு மூலம் கணினியைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கிங்கின் நூலுக்குப் பயன்பட்ட கிளாஸ்புக் நிறுவனத்தை அடோபி வாங்கி, தன் சொந்த மின்னூல் படிப்பானை உருவாக்கியது. இரண்டில் எதுவும் லினக்ஸுக்கு வரவில்லை. அப்போது மேசைக் கணினியில் லினக்ஸ் வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்காகத் தனியே ஒரு பதிப்பைச் செய்து பராமரிக்க வணிகக் காரணம் எதுவும் இருக்கவில்லை. மூலநிரல் வெளிப்படையாக உள்ள ஓர் இயங்குதளத்தில் பூட்டின் சாவியை மறைத்து வைப்பது கடினம் என்பதும் இங்கே கருதத்தக்கது.

நிறுவனங்கள் தராவிட்டால் நிரலர்களே எழுதிக்கொள்வது லினக்ஸ் உலகின் வழக்கம். இங்கே அதற்குச் சட்டம் குறுக்கே நின்றது. 1998-இல் அமெரிக்காவில் நிறைவேறிய எண்ணிம ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நூலைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பதோடு, நூலின் பூட்டைத் தாண்டும் கருவியை விற்பதையும் குற்றமாக்கியது. அந்தச் சட்டத்தின் கூர்மை 2001-இல் வெளிப்பட்டது.

மாஸ்கோவைச் சேர்ந்த எல்காம்சாஃப்ட் நிறுவனம், அடோபி மின்னூல்களின் பூட்டை நீக்கிச் சாதாரண பி.டி.எஃப். ஆக்கும் ஒரு மென்பொருளை விற்றது. ரஷ்யச் சட்டப்படி அது குற்றமில்லை. அதை எழுதியவர்களில் ஒருவரான திமித்ரி ஸ்கிளியாரோவ், லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் அடோபி பூட்டின் பலவீனங்களைப் பற்றிப் பேசினார். ஊர் திரும்பவிருந்த 2001 ஜூலை 16 அன்று அமெரிக்கக் காவல்துறை அவரைக் கைது செய்தது. குற்றம் உறுதியானால் 25 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கும் என்ற நிலை. பல நகரங்களில் போராட்டம் எழுந்தது. ஒரே வாரத்தில் அடோபி தன் புகாருக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. அரசு விலக்கிக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஸ்கிளியாரோவ் நாடு திரும்ப முடிந்தது. 2002 டிசம்பரில் நடுவர் குழு எல்காம்சாஃப்ட் நிறுவனத்தைக் குற்றமற்றது என்று விடுவித்தது.

லினக்ஸ் பயனர்களுக்கு இந்த வழக்கு ஒரு செய்தியைச் சொன்னது. அடோபி நூலை லினக்ஸில் திறக்க ஒரு புதிய நிரலை எழுதுபவர், ஏறத்தாழ ஸ்கிளியாரோவ் செய்ததையே செய்ய வேண்டியிருக்கும். நிறுவனம் தந்த மென்பொருளை மாற்றாமல் அப்படியே லினக்ஸில் ஓட்டினால் பூட்டு உடைபடுவதில்லை. முறையான சாவியாலேயே திறக்கிறது. வைன் வழி சுற்றுவழிதான். ஆனால் வழக்குப் பயமில்லாத வழி.

வைன்

வைன் திட்டம் மின்னூலுக்காகத் தொடங்கியதல்ல. 1993-இல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் ஆகியோர், அன்றைய விண்டோஸ் 3.1 மென்பொருள்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக இதைத் தொடங்கினர். சன் நிறுவனம் தன் யுனிக்ஸ் கணினிகளுக்குச் செய்த 'வாபி' என்ற மென்பொருள் இதற்குத் தூண்டுதல். 1994 முதல் அலெக்ஸாந்தர் ஜூலியார் திட்டத்தை வழிநடத்தி வருகிறார்.

'வைன் ஒரு போன்மி அல்ல' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர். பெயரில் உள்ள மறுப்புக்குப் பொருள் உண்டு. போன்மி என்பது ஒரு முழுக் கணினியையே மென்பொருளால் நடித்துக் காட்டுவது. வைன் அப்படிச் செய்வதில்லை. விண்டோஸ் மென்பொருள் ஒன்று 'ஒரு சாளரத்தைத் திற', 'இந்தக் கோப்பைப் படி' என்று இயங்குதளத்திடம் கேட்கும்போது, அந்தக் கோரிக்கையை வைன் வாங்கி, லினக்ஸுக்குப் புரியும் கோரிக்கையாக மாற்றிக் கொடுக்கிறது. விண்டோஸின் ஆயிரக்கணக்கான செயற்கூறுகளை வைன் நிரலர்கள் புதிதாக எழுதினர். விண்டோஸின் மூலநிரலைப் பார்த்தவர் எவரும் வைனுக்கு நிரல் எழுதக் கூடாது என்பது திட்டத்தின் கண்டிப்பான விதி. ஆவணங்களையும் வெளியே தெரியும் நடத்தையையும் வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டும். 1.0 பதிப்பு வெளிவர 15 ஆண்டுகள் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். அது 2008 ஜூன் மாதம் வெளிவந்தது.

பயனரின் இல்லக் கோப்புறையில் வைன் ஒரு சிறு போலி விண்டோஸை அமைக்கிறது. அதில் 'சி' இயக்ககம் உண்டு. விண்டோஸ் பதிவேடும் உண்டு. தன்னை விண்டோஸின் எந்தப் பதிப்பு என்று மென்பொருளிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் இதைக் கவனிக்காமல் இல்லை. உண்மையான விண்டோஸ்தானா என்று சோதிக்கும் அதன் கருவி, 2005-இல் பதிவேட்டில் வைனின் தடயம் இருக்கிறதா என்று தேடியது தெரியவந்தது. பயந்தவர்கள் அதைத் தடையாகப் பார்த்தனர். வைன் நிரலர்களுக்கோ, தங்களையும் ஒரு பொருட்டாக மைக்ரோசாஃப்ட் மதித்ததற்கான சான்றாக அது பட்டிருந்தால் வியப்பில்லை.

சோனி கருவியும் காலிபரும்

2006-இல் சோனி நிறுவனம் மின்மைத் திரை கொண்ட 'பி.ஆர்.எஸ்.-500' என்ற படிப்புக் கருவியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உள்ளே இயங்கியது லினக்ஸ். ஆனால் அதற்குள் நூல்களை ஏற்றும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடியது. லினக்ஸ் கணினியையும் லினக்ஸ் கருவியையும் ஒரு கம்பியால் இணைத்தால் இரண்டும் பேசிக்கொள்ளாது. நடுவே ஒரு விண்டோஸ் கணினி வேண்டும். இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் வேடிக்கை இது.

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கோவிட் கோயல் அந்தக் கருவியை வாங்கியவர்களில் ஒருவர். லினக்ஸ் பயனரான அவர் விண்டோஸ் மென்பொருளை வைனில் ஓட்ட முயல்வதற்குப் பதிலாக, கருவியும் கணினியும் யு.எஸ்.பி. கம்பியில் பேசிக்கொள்ளும் முறையை ஆராய்ந்து, அதே மொழியில் பேசும் நிரலைத் தானே எழுதினார். 2006 அக்டோபர் 31 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தின் பெயர் 'லிப்பிஆர்எஸ்500'. 2008-இல் அது 'காலிபர்' என்று பெயர் மாறியது. நூல்களை வகைப்படுத்துதல், வடிவம் மாற்றுதல், கருவிக்கு அனுப்புதல் என எல்லாவற்றையும் செய்யும் அந்த மென்பொருளை இன்று விண்டோஸ் பயனர்களும் நாடுகின்றனர். லினக்ஸில் ஒரு விண்டோஸ் மென்பொருள் இல்லாத குறை, விண்டோஸுக்கே ஒரு நல்ல மென்பொருளைத் தந்தது.

ஆனால் காலிபர் பூட்டிய நூல்களைத் திறக்காது. அந்த வேலைக்கு வைன் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ்

2007 இந்த வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அந்த ஆண்டு செப்டம்பரில் 'இ-பப்' என்ற மின்னூல் வடிவம் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. யாரும் அதைப் படிக்கும் மென்பொருளை எழுதலாம். வடிவங்களின் குழப்பம் தீர்ந்தது என்று பலர் எண்ணினர். ஆனால் அதே ஆண்டு ஜூனில் அடோபி 'டிஜிட்டல் எடிஷன்ஸ்' என்ற புதிய படிப்பானையும், இ-பப் நூல்களுக்கும் பி.டி.எஃப். நூல்களுக்கும் பொதுவான ஒரு பூட்டையும் கொண்டுவந்திருந்தது. சோனி 2009-இல் தன் சொந்த வடிவத்தைக் கைவிட்டு இதற்கு மாறியது. மின்னூல் இரவல் தரும் பொது நூலகங்கள் பலவும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதையே பயன்படுத்தின. இரவல் தரும் நூலகங்களுக்கு இந்தப் பூட்டில் ஒரு வசதி இருந்தது: தவணை முடிந்ததும் நூல் தானாகவே திறக்க மறுத்துவிடும்.

இந்த முறையில் நூலை வாங்கியவருக்கு முதலில் கிடைப்பது நூல் அல்ல. 'ஏ.சி.எஸ்.எம்.' என்ற பின்னொட்டுள்ள ஒரு சிறு கோப்பு. நூலை எங்கிருந்து எடுக்கலாம் என்று சொல்லும் ஓர் அனுமதிச் சீட்டு. அதை டிஜிட்டல் எடிஷன்ஸில் திறந்தால், அது அடோபியின் வழங்கியைத் தொடர்புகொண்டு, அந்தப் பயனருக்கென மறையாக்கம் செய்யப்பட்ட நூலைத் தரவிறக்கும். லினக்ஸ் பயனர் அந்தச் சீட்டை உரைத் தொகுப்பியில் திறந்து படிக்கலாம்; நூலின் தலைப்பும் ஆசிரியர் பெயரும்கூடத் தெரியும். நூல் மட்டும் வராது. விண்டோஸ் வைத்திருக்கும் நண்பரிடமிருந்து நூல் கோப்பை வாங்கி வந்தாலும் பயனில்லை. இ-பப் என்பது ஒரு ஜிப் பொதிதான் என்பதால் பொதி பிரியும். உள்ளே பக்கங்களுக்குப் பதில் பொருளற்ற எண்குவியல் இருக்கும்.

டிஜிட்டல் எடிஷன்ஸின் 1.x பதிப்புகள் வைனில் நன்றாகவே ஓடின. அவற்றில் கடைசியான 1.7.2 பதிப்பை லினக்ஸ் பயனர்கள் நெடுநாள் கைவிடவில்லை. வைனில் மென்பொருள்களை நிறுவ உதவும் 'வைன்டிரிக்ஸ்' என்ற நிரல், ஒரே கட்டளையில் இதை நிறுவித் தரும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. 2012-இல் வந்த 2.0 பதிப்பு முதல் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தேவைப்பட்டது. டாட்நெட்டை வைனுக்குள் நிறுவுவது நேரமும் பொறுமையும் கேட்கும் வேலை. அது இடறினால் படிப்பானும் எழாது.

ஆனால் உண்மையான சிக்கல் படிப்பான் திரையில் தோன்றுவதில் இல்லை. சாவியை அது எங்கே வைக்கிறது என்பதில் இருந்தது. பயனர் முதன்முறை தன் அடோபி கணக்கால் பதிவு செய்யும்போது அவருக்கான சாவி கணினிக்கு வருகிறது. டிஜிட்டல் எடிஷன்ஸ் அதை மறையாக்கி விண்டோஸ் பதிவேட்டில் வைக்கும். மறையாக்கத்துக்கு வன்தட்டின் தொடர் எண், செயலியின் அடையாளம், பயனர் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளும். பதிவேட்டை வேறு கணினிக்கு நகலெடுத்தால் சாவி உதவாது என்பதே இதன் நோக்கம். வைனில் பதிவேடு என்பது பயனரின் கோப்புறையில் உள்ள ஒரு சாதாரண உரைக் கோப்பு; வன்தட்டின் எண்ணும் வைன் சொல்வதே. இருந்தும் சாவி ஒழுங்காகவே வேலை செய்தது, ஏனெனில் வைன் ஒவ்வொரு முறையும் அதே விடையைச் சொன்னது.

சிக்கல் வைனின் கோப்புறையை அழிக்கும்போது எழுந்தது. வைனில் ஒரு மென்பொருள் தகராறு செய்தால் போலி விண்டோஸை முழுதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது வழக்கமான வைத்தியம். அதோடு சாவியும் போய்விடும். மீண்டும் பதிவு செய்தால் அடோபிக்கு அது இன்னொரு புதுக் கணினி. ஒரு கணக்குக்கு இத்தனை கணினிகள் என்ற வரம்பு உண்டு. சோதித்துச் சோதித்து நிறுவிய லினக்ஸ் பயனர், ஒரே கணினியை வைத்துக்கொண்டே அந்த வரம்பை எட்டிவிடுவார். பிறகு திரையில் வருவது 'அளவுக்கு மீறிய பதிவுகள்' என்ற பிழைக் குறி. வரம்பை மீட்டமைக்க அடோபியின் வாடிக்கையாளர் சேவையை நாட வேண்டும்.

2014 அக்டோபரில் வேறொன்று வெளிப்பட்டது. டிஜிட்டல் எடிஷன்ஸ் 4 பதிப்பு, பயனர் எந்த நூலை, எந்தப் பக்கம் வரை படித்தார் என்ற விவரங்களை மறையாக்கம் ஏதுமின்றி அடோபி வழங்கிக்கு அனுப்பிவந்தது. நூலகங்களின் கண்டனத்துக்குப் பிறகு, விவரங்களை மறையாக்கி அனுப்பும் 4.0.1 பதிப்பு வந்தது. வைனில் 1.7.2-ஐ விடாமல் வைத்திருந்தவர்களின் பழமைப் பிடிவாதத்துக்கு இது ஒரு நியாயமாகவும் ஆனது.

மெய்நிகர் கணினி என்ற இன்னொரு வழியும் இருந்தது. விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற மென்பொருளில் முழு விண்டோஸையே நிறுவிக்கொள்ளலாம். எல்லாம் ஒழுங்காக ஓடும். ஆனால் அதற்கு விண்டோஸ் உரிமம் வாங்க வேண்டும். ஒரு நாவல் படிப்பதற்கு அது கொஞ்சம் அதிக விலை.

கிண்டில்

அமேசானின் கிண்டில் கருவி 2007 நவம்பரில் வந்தது. அதன் உள்ளேயும் லினக்ஸ்தான். லினக்ஸின் உரிம விதிப்படி, கருவியில் பயன்படுத்திய கட்டற்ற நிரல்களின் மூலத்தை அமேசான் வெளியிட்டும் வருகிறது. 2009-இல் கணினிக்கான கிண்டில் படிப்பான் வந்தபோது, அது விண்டோஸுக்கு மட்டும். மேக் பதிப்பு அடுத்த ஆண்டு வந்தது. லினக்ஸ் பதிப்பு வரவே இல்லை.

தொடக்ககாலக் கிண்டில் படிப்பான் வைனில் ஓடியது. ஆனால் அடோபியைவிட அமேசான் தன் மென்பொருளை அடிக்கடி மாற்றியது. நேற்று ஓடிய படிப்பான் தானாகவே புதுப்பித்துக்கொண்டு இன்று திறக்க மறுக்கும். வைன் திட்டத்தின் மென்பொருள் தரவுத்தளம் ஒவ்வொரு மென்பொருளுக்கும் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், குப்பை என்று தரம் வழங்குகிறது. ஒரே படிப்பானின் வெவ்வேறு பதிப்புகளுக்கு அதில் வெவ்வேறு தரம் கிடைப்பதுண்டு. ஓடும் பழைய பதிப்பைத் தேடி நிறுவி, அதன் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துவதே பலரின் வழியாயிற்று.

2011 ஆகஸ்டில் அமேசான் 'கிளவுட் ரீடர்' என்ற உலாவிவழிப் படிப்பானை வெளியிட்டது. குரோம் உலாவி லினக்ஸிலும் உண்டு என்பதால், ஆங்கில நூல்களைப் படிக்க வைன் தேவையில்லாமல் போனது. கிண்டில் பிரச்சினையை லினக்ஸ் பயனர்களுக்குத் தீர்த்தது வைனைவிட உலாவிதான் என்று சொல்வது பொருந்தும். ஆனாலும் நூல் கோப்பைத் தம் கையில் வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு உலாவி போதவில்லை. வாங்கிய நூலைக் கணினிக்குத் தரவிறக்கிக் கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரி 26-இல் நிறுத்திவிட்டது.

தமிழ் எழுத்துகள்

இந்திய மொழி நூல்களுக்கு வைனில் கூடுதலாக ஒரு தடை இருந்தது. தமிழில் 'கொ' என்ற எழுத்து கணினி நினைவகத்தில் ககரமும் அதன் பின் ஒகரக் குறியுமாக இருக்கும். திரையில் காட்டும்போது ஒற்றைக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்து வைக்க வேண்டும். விண்டோஸில் இந்த வேலையை 'யுனிஸ்கிரைப்' என்ற நிரலகம் செய்கிறது. வைனின் பழைய பதிப்புகளில் இதற்கு இணையான பகுதி முழுமையாக இல்லை. எனவே யுனிஸ்கிரைப்பை நம்பிய விண்டோஸ் மென்பொருள்களில் தமிழ் எழுத்துகள் கொம்பு வேறு, மெய் வேறாகச் சிதறித் தெரிந்தன. 2011 வாக்கில் இந்திய எழுத்துமுறைகளுக்கான நிரல் வைனில் எழுதப்பட்ட பிறகே இது சீரானது. கிண்டில் தமிழ் நூல்களை முறையாக ஏற்றது 2016-இல்தான்.

வைனைத் தாண்டிய வழிகள்

அடோபியின் சீட்டு முறையை லினக்ஸில் நேரடியாகப் பேசும் 'லிப்குரு' என்ற கட்டற்ற நிரலகம் 2021-இல் வெளிவந்தது. அது பயனரின் சொந்த அடோபி கணக்கைக் கொண்டே பதிவு செய்து நூலைத் தரவிறக்குகிறது. வைனும் டாட்நெட்டும் தேவையில்லை. பாரிஸில் உள்ள இ.டி.ஆர்.லேப் அமைப்பு, அடோபி பூட்டுக்கு மாற்றாக எல்.சி.பி. என்ற பூட்டை வடிவமைத்தது. அந்த அமைப்பின் 'தோரியம் ரீடர்' விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் சேர்த்தே வெளியிடப்படுகிறது. ஐரோப்பிய நூலகங்கள் சில இதற்கு மாறியுள்ளன. இது பூட்டு நீங்கியதல்ல; சாவி லினக்ஸுக்கும் தரப்பட்டது, அவ்வளவுதான்.

பூட்டே இல்லாமல் விற்கும் பதிப்பகங்களும் உள்ளன. அறிவியல் புனைவுகளுக்குப் பேர்பெற்ற டார் புக்ஸ் 2012-இல் தன் மின்னூல்களிலிருந்து பூட்டை நீக்கியது. தமிழில் 2013-இல் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' திட்டம், எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரும் நூல்களை இ-பப், மோபி, பி.டி.எஃப். வடிவங்களில் பூட்டின்றி வழங்குகிறது. அவை எந்தக் கணினியிலும் திறக்கின்றன.

மைக்ரோசாஃப்ட் ரீடர் 2012-இல் நிறுத்தப்பட்டது. மைக்ரோசாஃப்ட் பின்னர் எட்ஜ் உலாவி வழியே தொடங்கிய மின்னூல் விற்பனையும் 2019-இல் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது, நூல்கள் திரும்பப் பெறப்பட்டன. இம்முறை நூலை இழந்தவர்கள் விண்டோஸ் பயனர்கள்.